ஆடிக்கு முன் ஒரு கடல்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வைகாசியிலோ ஆனியிலோ கல்யாணமாகும் பெண்ணுக்குப் புருஷனோடு இருக்கக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். மறுவீடு, மாமன் வீட்டு விருந்து, பெரியப்பா வீட்டு விருந்து, குலதெய்வத்துக்குப் பொங்கல் என்று முதல் வாரங்கள் ஓடிவிடும். ஆடி பிறப்பதற்குள் சீர்த்தட்டோடு வந்து பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். முன்பின் பழகாத இருவர் இந்த இடைவெளிக்குள்தான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும். கூடத்தில் ஊரிலிருந்து வந்த பாட்டி படுத்திருப்பார். அடுத்த அறையில் நாத்தனார் குழந்தைகள். கதவைச் சாத்தினால் ஒரு பேச்சு, சாத்தாவிட்டால் தூக்கமில்லை. வாய்விட்டுச் சிரிக்கக்கூட இடமில்லாத வீடுகளில் வாழ்க்கையைத் தொடங்கிய பெண்கள் எங்கள் தலைமுறையில் நிறைய. தேன்நிலவு வெட்டிச் செலவு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாரும் காது கொடுக்காத ஓர் இடத்தில் ஒரு வாரம் பேசிக்கொண்டிருப்பது புதுத் தம்பதிக்குத் தேவை.

என் அண்ணன் மகளுக்கு வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். பெண் வீடு விழுப்புரம், மாப்பிள்ளை வீடு திண்டிவனம். சித்திரை வெயிலில் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். கல்யாணப் பெண்ணைப் பத்திரிகை வைக்க அழைத்துப் போவது எங்களில் வழக்கமில்லை. ஆனாலும் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டேன், காரணம் இருந்தது. முந்தைய வாரம்தான் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, கடல் இருக்கிற வெளிநாடா ஒண்ணு சொல்லு. ஒரே ஒரு வாட்டி போய்ட்டு வந்துடறோம்" என்றிருந்தாள். போன ஆனியில் நானும் என் வீட்டுக்காரரும் திருகோணமலை போய் வந்திருந்தோம். அதனால் குடும்பத்தில் இதற்கெல்லாம் நான்தான் ஆள்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி, கூட்டேரிப்பட்டில் திரும்பி, மயிலம் முருகனுக்கு முதல் பத்திரிகை வைத்தோம். மலையிறங்கும்போது அவள் செல்பேசியை நீட்டினாள். மாப்பிள்ளை அனுப்பிய மாலத்தீவுப் படங்கள்: தண்ணீர்மேல் மரவீடு, நீலத்தில் பத்து வகை. கீழே ஜூன் மாதத்துக்கென்று குறைத்துப் போட்ட விலை.

படம் பொய்யில்லை. எடுத்த மாதம் வேறு. மாலத்தீவில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. அதை அவர்கள் இருவை என்கிறார்கள். வானம் வெளுத்து, கடல் அடங்கிக் கிடக்கும் காலம் அது. மே பிறந்தால் தென்மேற்குப் பருவம், அதற்குப் பெயர் ஹுல்ஹங்கு. மழை, காற்று, கலங்கிய நீர். நாள் முழுக்கக் கொட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் படகு போகுமா, முகமூடி போட்டு மீன் பார்க்க இறங்கலாமா என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. அந்தக் குறைந்த விலைக்குக் காரணம் இதுதான். விலையிலும் கவனம் வேண்டும். அறை வாடகைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம் சுற்றுலா வரி, தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பச்சை வரி, தூரத்துத் தீவென்றால் கடல் விமானத்துக்கு ஆளுக்குத் தனிக் காசு. கடல் விமானம் இருட்டிய பிறகு பறக்காது. சாயங்காலம் மாலே போய் இறங்கினால் அந்த இரவு மாலேயிலேயே.

ஜூனில் இதே தென்மேற்குக் காற்றுதான் கோவாவிலும், தாய்லாந்தின் புக்கெட்டிலும், இலங்கையின் பெந்தோட்டை, மிரிச கரைகளிலும் அடிக்கிறது. தையில் கல்யாணம் என்றால் கணக்கு அப்படியே மாறும். அப்போது மாலத்தீவும் புக்கெட்டும் மிரிசவும் நல்ல இடங்கள். பாலி நனைந்துகொண்டிருக்கும். திருகோணமலை வாடை மழையிலிருந்து அப்போதுதான் தெளியத் தொடங்கியிருக்கும். வைகாசி, ஆனி, ஆவணிக்காரர்களுக்குப் பாலி உண்டு, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். இலங்கையின் கிழக்குக் கரையும் உண்டு. எங்கே போவதென்று ஆசை ஆயிரம் சொல்லட்டும், முகூர்த்தம் எந்த மாதத்தில் விழுந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. பஞ்சாங்கத்தில் கிழமை, நட்சத்திரம், லக்கினம் வரை பார்க்கிற அண்ணிகூட, "காத்தெல்லாமா பாக்கணும்?" என்றுதான் கேட்டார்.

பார்க்கத்தான் வேண்டும் அண்ணி. நம்மூரில் ஆனி, ஆடியில் காற்று வீசும்போது மழை ஏன் அவ்வளவு இல்லை? மேற்குத் தொடர்ச்சி மலை அதைக் கேரளத்திலேயே பிழிந்துவிட்டு வெறும் காற்றை இந்தப் பக்கம் அனுப்புகிறது. இலங்கையில் நுவரெலியா பக்கத்து மத்திய மலைகள் அதே வேலையைச் செய்கின்றன. கொழும்பு நனையும்போது திருகோணமலையில் வெயில். காற்று கரையிலிருந்து கடலை நோக்கிப் போவதால் அலை எழும்பாது. நம் வானம் எப்போது காய்கிறதோ அப்போது அங்கேயும் காய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அடைமழை என்றால் அவர்களுக்கும் அடைமழை.

திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் எங்கள் திருகோணமலைப் பயணத்தை அவளுக்குச் சொல்லி முடித்துவிட நினைத்தேன். முடியவில்லை. அந்தக் கடலைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் நெடுஞ்சாலை எங்கள் ஊர் எல்லையில்தான் தொடங்குகிறது, அதில்தான் கப்பலேறப் போனோம். 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து இலங்கை காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. நாகைத் துறைமுகத்திலேயே குடிநுழைவு முத்திரை, சுங்கச் சோதனை. இலங்கைக்கான ஈ.டி.ஏ. அனுமதி விதிகளை அவர்களுடைய அரசுத் தளத்தில் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், அடிக்கடி மாறுகின்றன. காலையில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அக்கரை. காற்று பலமானால் கப்பலை நிறுத்துவார்கள், வடகிழக்குப் பருவத்தில் மாதக்கணக்கில் ஓடாது. போகிற பக்கமும் வருகிற பக்கமும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளாமல் இந்தக் கப்பலை நம்பக் கூடாது.

காங்கேசன்துறையில் இறங்கியதும் குடிநுழைவு மேசையில் இருந்த அம்மா கடவுச்சீட்டைப் புரட்டியபடி, "எந்த ஊர் நீங்கள்?" என்றார். விழுப்புரம் என்றேன். "ரயில் சந்தி இருக்கிற இடம்தானே?" அவர் எப்போதோ சிதம்பரம் போக அங்கே வண்டி மாறியிருக்கிறார். வெளிநாட்டு மண்ணில் முதல் கேள்விக்கு என் மொழியில் பதில் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு. பட்டம் பெற்றவர்கள்தான், ஆனால் ஹோட்டல் வரவேற்பறையில் வாய் வராது. அப்படிப்பட்ட தம்பதிக்கு அறையில் தண்ணீர் வரவில்லை என்பதைத் தமிழில் சொல்ல முடிவது சின்ன வசதியில்லை.

யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு. மறுநாள் ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி, வவுனியா வழியாகக் கிழக்கே திரும்பினோம். ஆனையிறவில் சாலையின் இரு பக்கமும் உப்பளமும் காயலும். அந்த நிலத்தில் நடந்த போர்களை நினைக்காமல் கடக்க முடியாது. ஓட்டுநர்த் தம்பி தன் வீட்டில் இழந்தவர்களைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார், பிறகு நெடுந்தூரம் பேசவில்லை. தேன்நிலவுக்கு வருகிறவர்கள் இந்த வழியாகத்தான் போவார்கள் என்றால், எந்த மண்மேல் போகிறோம் என்று தெரிந்து போவது நல்லது.

திருகோணமலையை ஒட்டிய நிலாவெளிக் கரை நம் மரக்காணக் கரையைப் போல இறங்கியவுடன் ஆழம் வாங்குவதில்லை. அந்த ஆனியில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்தேன். நீச்சல் தெரியாத நான், கண்ணாடிபோல் தெளிந்த நீரில் என் கால்விரலையும் பக்கத்தில் ஓடிய குஞ்சு மீனையும் ஒன்றாகப் பார்த்தேன். விடிந்ததும் கரைவலை இழுத்தார்கள். வலையின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கடலுக்குள் அரைவட்டம் போட்டு மறுமுனையைக் கொண்டுவந்தது. இரண்டு வரிசையாக ஆட்கள், இடுப்பில் கயிற்றுப் பட்டை, பின்வாக்கில் நடந்தே இழுக்கிறார்கள். தாளத்துக்குக் குரல் கொடுப்பவர் ஒருவர். எங்கள் வீட்டுக்காரரும் போய்ப் பிடித்தார். வலை கரையேறியபோது நெத்திலியும் சூடையும் துள்ளின. கூலியாக ஒரு கை மீனை இலையில் வைத்துக் கொடுத்தார் அந்தக் குழுவின் மூத்தவர். "வேண்டாங்க" என்றதற்கு, "இழுத்த ஆளுக்குப் பங்கு இருக்குது, பிடியுங்கோ" என்றார். விடுதிக்காரப் பெண் அதைப் பொரித்து, இடியப்பத்தோடும் சொதியோடும் வைத்தார்.

புறாத்தீவுக்கு நிலாவெளியிலிருந்து படகில் சில நிமிடம்தான். 2003-இல் தேசியப் பூங்காவானது. கரை முழுக்க மணலோடு கலந்த பவளத் துண்டுகள், வெறுங்காலோடு நடக்க முடியாது. தண்ணீருக்குள் உயிருள்ள பவளம் இருக்கிறது, அதன்மேல் கால் வைக்கவே கூடாது. வளர்ந்தது எத்தனையோ வருடத்தில், ஒரு மிதியில் போய்விடும். காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். மதியத்துக்கு மேல் கரைக்காற்று வலுத்துத் திரும்பும் படகு துள்ளுகிறது, கூட்டமும் அப்போதுதான்.

திருக்கோணேச்சரத்துக்கு ஒரு மாலை போனோம். திருஞானசம்பந்தர் பாடிய தலம். கோயிலுக்குப் போகும் வழி பிரெடெரிக் கோட்டைக்குள் நுழைகிறது. 1620-களில் போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லால் எழுப்பிய கோட்டை அது. இன்றைய கோயில் சென்ற நூற்றாண்டில் எழுந்தது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆள் பயமில்லாமல் திரிகின்றன. மலை நுனியில் இராவணன் வெட்டு என்று ஒரு பிளவு, செங்குத்தாகக் கீழே கடல். பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள் நூற்றுக்கணக்கில். புதுத்தாலியோடு வந்திருந்த ஓர் உள்ளூர்ப் பெண் வெகுநேரம் அந்தத் தொட்டில்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், எதுவும் கட்டவில்லை. கட்டச் சொல்லி வற்புறுத்த ஆள் யாரும் அவளோடு வரவில்லை என்பது எனக்கு நிறைவாக இருந்தது. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் அங்கிருந்து பக்கம். ஏழு தொட்டி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு, வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம்.

திண்டிவனத்தில் சம்பந்தி வீட்டுக்கு நாங்கள் போனபோது மாப்பிள்ளை வாசலிலேயே நின்றார். காபி குடித்துக்கொண்டே அவரிடம் காற்றைப் பற்றிச் சொன்னேன். படத்தை அனுப்பியவர் என்பதால் கொஞ்சம் முகம் வாடினார். பிறகு அவரே கேட்டார், "மொய் வரும், அத வச்சுப் பாலி போலாமா அத்தை?" நல்ல பையன், மறைக்காமல் கேட்டார். நானும் மறைக்காமல் சொன்னேன். நம் பக்கத்தில் மொய் என்பது நோட்டில் எழுதிய கடன். எழுதியவர் வீட்டில் விசேஷம் வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும். அதில் விமானம் ஏறினால் அடுத்த ஐந்தாறு வருடம் ஒவ்வொரு காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அந்தக் கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தர வேண்டியிருக்கும். இருவரும் சம்பாதிக்கிறீர்கள், கையில் சேர்த்து வைத்திருப்பது எவ்வளவோ அதற்குள் போய் வாருங்கள்.

காகித வேலையையும் அங்கேயே உட்கார்ந்து பேசினோம். பெண்ணின் கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. நம்மவர்கள் பலருக்கும் அப்படித்தான், முன்னெழுத்தோடு பழகியவர்கள். இலங்கைக்கு இதனால் தொல்லையில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் விடுவதாகப் பிறகு தளர்த்தினார்கள். துபாய் வழியாக எங்காவது போகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். கல்யாணமானதும் கடவுச்சீட்டில் கணவன் பெயரைச் சேர்த்தாக வேண்டும் என்று சம்பந்தியம்மா நினைத்திருந்தார். அப்படிக் கட்டாயம் இல்லை. பழைய கடவுச்சீட்டில் என்ன பெயரோ அதே எழுத்துகளில் டிக்கெட் எடுத்தால் போதும். கல்யாணத்தைப் பதிவு செய்வது தனி வேலை. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி கட்டாயம், 90 நாளுக்குள் பதிய வேண்டும். முகவர் மூலம் வெளிநாட்டுத் தொகுப்பு எடுத்தால் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். பான் எண் கொடுத்தவர் வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ரசீதைத் தொலைக்கக் கூடாது. இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து நம் யு.பி.ஐ. செல்கிறது, ஆனாலும் சின்னக் கடைக்கும் படகுக்கும் கையில் அவர்கள் ரூபாய் வேண்டும். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போ என்றேன், அதற்கு மட்டும் அண்ணி உடனே தலையாட்டினார்.

சாப்பிட்டுவிட்டு மரக்காணம் கிளம்பினோம், மாப்பிள்ளையும் கூட வந்தார். அண்ணியின் பெரியம்மா வீடு அங்கே. திண்டிவனத்தை விட்டு வெளியேறும்போது கிடங்கலைக் காட்டினேன். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை இந்த மண்ணின் பாட்டு. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. எந்த ஊரில் யார் இருப்பார்கள், என்ன சோறு போடுவார்கள் என்பதுவரை வரும். கடற்கரையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், ஆமூரில் நண்டுக் கறியோடு வெண்சோறு. எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நாங்கள் போய்க்கொண்டிருந்த அதே திசை. போனவர் போகாதவருக்கு வழி சொல்லும் அந்த மரபு இப்போது விலைப் பட்டியல் அனுப்புகிறவர்கள் கைக்குப் போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. போய் வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

சித்திரை வெயிலில் மரக்காணத்து உப்பளம் கண்ணைக் கூச வைத்தது. பாத்திகளில் வாருபலகை போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் 2021-இல் பறவைகள் சரணாலயமான கழுவேலி வற்றத் தொடங்கியிருந்தது. குப்பத்தில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகவில்லை, ஃபைபர் படகுகள் மட்டும் போய் வந்திருந்தன. வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் மாப்பிள்ளையே போய், ஆனியில் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டார். "கச்சான் காத்து, மேக்கருந்து வரும். காலையில தண்ணி அமுங்கிக் கெடக்கும். நம்ம பக்கம் பயமில்ல, மேக்கதான் அந்த மாசம் ஆவாது" என்றார் தாத்தா, வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குப்பங்களும் நிலாவெளியும் 2004 டிசம்பர் 26 அன்று ஒரே அலையில் அடிபட்டவை. இரண்டு கரையிலும் கடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வார்த்தையை அளந்துதான் பேசுகிறார்கள்.

திட்டத்தை அந்தத் திண்ணையிலேயே போட்டோம். போகும்போது நாகையிலிருந்து கப்பல், ஏனென்றால் தரை கண்ணிலிருந்து மறைவதை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். திரும்பும்போது யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், பறப்பது ஒன்றேகால் மணி நேரம் போல. மீனம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் இரண்டு, இரண்டரை மணி நேரச் சாலை. ஜூனில் வரும் பௌத்தர்களின் பொசன் பௌர்ணமிக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். அந்த நாட்களில் அநுராதபுரம் பக்கத்துச் சாலைகள் யாத்திரைக் கூட்டத்தால் நிரம்பும், அறை கிடைக்காது. இரண்டு நாள் எந்த இடமும் பார்க்காமல் நிலாவெளியில் சும்மா இருக்க வேண்டும் என்பதை நான் பிடிவாதமாக எழுத வைத்தேன். வெளியூர் போனால் ஒரு கோயிலையும் விடக் கூடாது என்று ஓடுவது நம் பழக்கம். அது குடும்பத்தோடு போகும்போது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். மறுவீடு முடிந்த மறுநாளே கிளம்பினால்தான் ஆடிக்கும் பௌர்ணமிக்கும் முன்னால் ஒரு வாரம் முழுதாகக் கிடைக்கும். அப்படியென்றால் விருந்துகளைத் தள்ளிப் போட வேண்டும். முதல் விருந்து வைக்கும் உரிமை பெரியம்மாவுடையது, எழுபது தாண்டியவர், அவர் சம்மதிக்காமல் மற்ற வீடுகளில் பேச முடியாது. வெற்றிலைத் தட்டில் பத்திரிகையை வைத்துக் கொடுத்துவிட்டு நானே கேட்டேன். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல உங்க பெரியப்பாகிட்ட ஒரு வார்த்த பேச ஆறு மாசம் ஆச்சு" என்றார். பிறகு அண்ணியிடம் திரும்பி, "போய்ட்டு வரட்டும்டி. வந்த பொறவு வந்து சாப்புடட்டும். மத்த வூடுங்களுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார்.